ஊர் ஊராகச் சுற்றும் லினக்ஸ் லேப்டாப்பில் நெட் வரவில்லையா? வரிசையாகப் பார்க்கும் முறை

காலையில் தக்கலை வீட்டு ஃபைபர், பகலில் நாகர்கோவில் அலுவலகத்தில் லேன் கேபிள், சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் போன் ஹாட்ஸ்பாட், வாரக் கடைசியில் குலசேகரத்தில் அம்மா வீடு. என் லேப்டாப் இப்படித்தான் சுற்றுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் படிக்கிற, வேலைக்குப் போகிற பலருடையதும் இப்படித்தான்.

ஒரே மேஜையில் இருக்கும் கணினியில் நெட் நின்றால் பெரும்பாலும் லைனில்தான் கோளாறு. சுற்றுகிற லேப்டாப் அப்படியில்லை. போன இடத்துக்காகச் செய்துவைத்த ஏதோ ஒரு செட்டிங் இந்த இடத்துக்கும் கூடவே வந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் பதற்றத்தில் நான்கு இடத்தில் ஒன்றாகக் கை வைப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுவார்கள், வைஃபையை அழிப்பார்கள், எங்கோ கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டுவார்கள். அப்புறம் பழைய கோளாறு எது, புதிதாக உண்டாக்கியது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதனால் 3 முதல் 7 வரையுள்ள படிகளை வரிசை மாறாமல் பாருங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் மேல் நிற்கிறது. சோதிப்பது முதலில், மாற்றுவது பிறகு.

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் டெஸ்க்டாப் போன்றவற்றில் இணைப்பைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர். இந்த வழிகாட்டி அதை வைத்தே எழுதியது. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. பையில் எப்போதும் இருக்க வேண்டியவை

முதலில், டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் நிறைய உண்டு. போனைச் செருகியதும் ஃபைல் பரிமாற்றம் பற்றிப் போன் கேட்டால் அது டேட்டா கேபிள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நெட் இல்லாததைச் சரிசெய்யவே நெட் வேண்டியிருக்கும், குறிப்பாக டிரைவர் இறக்க. ஆண்ட்ராய்டு போனில், போனின் நெட்டைக் கேபிள் வழியாகத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் லேப்டாப் அதை ஒரு லேன் கேபிள் மாதிரி எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. வைஃபை கார்டே வேலை செய்யாத லேப்டாப்பிலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

இரண்டாவது, சிறிய லேன் கேபிள். மூன்றாவது, நீங்கள் போடும் லினக்ஸின் லைவ் பென் டிரைவ், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ். அதில் பூட் செய்தால் நெட் வருகிறது, உள்ளே இருக்கும் சிஸ்டத்தில் வரவில்லை என்றால் கார்டில் பழுதில்லை, செட்டிங்கில்தான் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும்.

நான்காவது, ஒரு சின்ன நோட்டு. எந்த இடத்தில் எந்த முகவரி, எந்த ப்ராக்ஸி (இடையில் நின்று நெட்டை வாங்கித் தரும் கணினி), யார் சொல்லி எதை மாற்றினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். போனில் எழுதினாலும் சரி. லேப்டாப்பில் மட்டும் எழுதி அதையும் கிளவுடில் வைக்காதீர்கள்.

2. கோளாறு லைனிலா, லேப்டாப்பிலா?

அதே வைஃபையில் போனைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். "போனில் வருது, லேப்டாப்பில்தான் வரல" என்று தவறான முடிவுக்கு வந்து ஒரு மணி நேரம் வீணாகும்.

வீட்டு ஃபைபர் என்றால் மோடம் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு மின்னினால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். நம் ஊரில் தென்னந்தோப்பு வழியாகவும் ரப்பர் மரங்களுக்கு நடுவிலும் கேபிள் இழுத்திருப்பார்கள். காற்றடித்து மட்டை விழுந்தாலே லைன் போய்விடும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் லேப்டாப்பில் ஒன்றையும் தொட வேண்டாம், லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஐப்பசி இடி தொடங்கியதும் லேன் கேபிளை லேப்டாப்பிலிருந்து உருவிவிடுங்கள். இடிக்குப் பிறகு கேபிளை மாற்றியும், மோடத்தில் வேறு துளையில் செருகியும் போர்ட் விளக்கு எரியவில்லை என்றால் லேப்டாப்பின் போர்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு செட்டிங்கில் மருந்து கிடையாது. யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்குவதே வழி.

3. லினக்ஸுக்குக் கார்டு தெரிகிறதா?

டெர்மினலைத் திறந்து "என்எம்சிஎல்ஐ டிவைஸ்" என்று அடியுங்கள். டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயர் வைஃபை. ஈஎன் என்று தொடங்குவது கேபிள். எதிரில் நிலை எழுதியிருக்கும்.

கனெக்டட் என்றால் படி 5-க்குப் போங்கள். டிஸ்கனெக்டட் என்றால் கார்டு நன்றாக இருக்கிறது, எதோடும் சேரவில்லை என்று பொருள், படி 4. வைஃபைக்கு அன்அவைலபிள் என்று வந்தால் பெரும்பாலும் அது அணைக்கப்பட்டிருக்கிறது.

அப்போது "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று அடியுங்கள். சாஃப்ட் பிளாக்ட் என்பதற்கு எதிரில் யெஸ் இருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. "சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" போதும். ஹார்ட் பிளாக்ட் யெஸ் என்றால் கட்டளையால் திறக்காது. பக்கவாட்டில் உள்ள சின்ன ஸ்விட்சையோ விமானப் படம் போட்ட விசையையோ தேடுங்கள். பஸ்ஸில் பையிலிருந்து எடுக்கும்போது கை பட்டு அணைந்துபோவது சகஜம்.

பட்டியலில் வைஃபையே இல்லையென்றால் டிரைவரோ, கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோ இல்லை. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்புகளில் இது அடிக்கடி வரும். போனை டெதரிங்கில் செருகுங்கள், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியைத் திறங்கள், அது பரிந்துரைப்பதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியனில் 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே இத்தகைய ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பைப் பழைய பென் டிரைவிலிருந்து போட்டவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

விண்டோஸும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. கார்டைப் பாதி உறக்கத்தில் விட்டுவிடும், லினக்ஸால் எழுப்ப முடியாமல் போகலாம். நேற்று இருந்த வைஃபை இன்று காணவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்தினால் தீரும்.

4. வைஃபையோடு சேர்கிறதா?

பெயரே தெரியவில்லை, ஆனால் போனில் ஹாட்ஸ்பாட் ஓடுகிறது என்றால் போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் அலைவரிசையைப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பழைய கார்டுகளுக்குத் தெரியாது. 2.4-க்கு மாற்றுங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய கார்டு சேராது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறது என்பது இன்னொன்று. பெயர் ஒன்றாகவும் பூட்டு வேறாகவும் இருக்கும். தம்பியின் போனும் உங்கள் போனும் ஒரே கம்பெனி மாடல், இரண்டும் கம்பெனி வைத்த பெயரிலேயே ஹாட்ஸ்பாட் தருகின்றன. லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே நீட்டும். செட்டிங்ஸில் அந்தப் பெயரை ஃபர்கெட் செய்து புதிதாகச் சேருங்கள். அப்படியே உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்கு உங்களுக்கென்று ஒரு பெயரும் வையுங்கள்.

கல்லூரி வைஃபை யூசர் நேமும் கேட்டால் அது என்டர்பிரைஸ் வகை. ஆதென்டிகேஷன் என்ற இடத்தில் பெரும்பாலும் பீப், உள்ளே எம்எஸ்சாப்வி2 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சிஏ சான்றிதழ் என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கல்லூரி தருகிற சான்றிதழைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சான்றிதழ் வேண்டாம் என்று டிக் போட்டாலும் சேரும், ஆனால் அதே பெயரில் வேறு யாராவது வைஃபை வைத்தால் உங்கள் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போகலாம்.

சில கல்லூரிகள் லேப்டாப்பின் மேக் முகவரியை, அதாவது கார்டின் அடையாள எண்ணைப் பதிந்த பிறகே அனுமதிக்கும். ஃபெடோரா 40 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரி உருவாகிறது. பதிந்தது ஒன்று, போவது வேறொன்று என்றால் கதவு திறக்காது. அந்த வைஃபையின் பல்சக்கர ஐகானுக்குள் ஐடென்டிட்டி பகுதியில் குளோன்ட் அட்ரஸை பெர்மனென்ட் என்று வையுங்கள்.

5. முகவரி கிடைத்ததா?

இந்தப் படியில்தான் சுற்றும் லேப்டாப்புகள் அதிகம் விழுகின்றன. நிதானமாகப் படியுங்கள்.

"ஐபி அட்ரஸ்" என்று அடித்தால் கார்டின் பெயருக்குக் கீழே 192.168 என்றோ 10 என்றோ 172 என்றோ தொடங்கும் எண் இருக்க வேண்டும். எதுவுமே இல்லாமல் இணைப்புச் சக்கரம் சுற்றிச் சுற்றி முக்கால் நிமிடத்தில் அறுந்துபோனால் ரூட்டர் முகவரி தரவில்லை. நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாக 45 வினாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

முகவரி இருக்கிறது, கனெக்டட் என்றும் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்பதுதான் ஏமாற்றும் நிலை.

திங்கள்சந்தையிலிருந்து ஒரு தங்கச்சி கூப்பிட்டாள். நாகர்கோவிலில் அவளுக்கு வேலை. "அண்ணே, ஆபீஸ்ல கேபிள் குத்தினா வருது, வீட்ல அதே மாதிரி குத்தினா வரமாட்டேங்குது. வீட்டு லைன் போயிட்டா?" வீட்டு லைன் நன்றாகவே இருந்தது. ஐபி அட்ரஸ் அடிக்கச் சொன்னேன். 192.168.0.45 என்று வாசித்தாள். வீட்டு ரூட்டரோ 192.168.1.1. அலுவலகத்தில் யாரோ அந்த முகவரியை அவள் லேப்டாப்பில் கையால் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அவள் வேறு தெருவின் கதவு எண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வைஃபையில் ஒவ்வொரு பெயருக்கும் நெட்வொர்க்மேனேஜர் தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளும். வீட்டு வைஃபைக்குச் செய்தது அலுவலக வைஃபையைத் தொடாது. லேன் கேபிளுக்குப் பெயர் கிடையாதே. எந்த ஊரில் எந்தக் கேபிளைச் செருகினாலும் வயர்ட் கனெக்ஷன் 1 என்ற அதே புரொஃபைல்தான் எழுந்து வரும். அதில் அலுவலக முகவரியைப் போட்டால் எல்லா ஊரிலும் அலுவலக முகவரிதான்.

இப்படிச் சரிசெய்யுங்கள்:

முதலில் வயர்ட் கனெக்ஷன் 1-ஐத் திறந்து, மேனுவலாக இருக்கும் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழித்துவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகத்தில் தவிப்பவர்கள் உண்டு.

அடுத்து ஐபிவி4 பகுதியில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். டிஎன்எஸ் பெட்டியில் எண் ஏதும் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு அங்கேயும் ஆட்டோமேட்டிக்கைத் திருப்பிப் போடுங்கள்.

அப்புறம் பிளஸ் குறியை அழுத்தி இன்னொரு வயர்ட் புரொஃபைல் உருவாக்கி, ஆபீஸ் என்று பெயர் வைத்து, எழுதிய எண்களை அதில் போடுங்கள். தானாக இணையும் வசதியை அதற்கு மட்டும் நிறுத்துங்கள். இனி அலுவலகத்தில் கேபிள் செருகியதும் ஆபீஸ் என்பதை ஒரு தட்டு தட்டினால் போதும், மற்ற ஊர்களில் ஆட்டோமேட்டிக் தானாக வரும். மெனுவில் இதைத் தேடிக் களைத்தால் டெர்மினலில் "என்எம்டியுஐ" என்று அடியுங்கள், அம்பு விசையில் நகரும் எளிய பட்டியல் வரும்.

செட்டிங்கை மாற்றிய பிறகு இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதுவரை பழைய எண்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

6. வாசல் வரை போகிறதா?

"ஐபி ரூட்" என்று அடியுங்கள். ரூட் என்பது இங்கே பாதை என்ற பொருளுள்ள சொல். டிஃபால்ட் என்று தொடங்கும் வரியில் வரும் எண்தான் உங்கள் வாசல், அதாவது ரூட்டர். "பிங்" என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போடுங்கள். பதில் வரிசையாக வந்தால் வாசல் வரை வழி சரி. பிங் தானாக நிற்காது, கன்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்துங்கள். சில கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் பிங்கையே அடைத்திருப்பார்கள். அங்கே பதில் இல்லையென்றாலும் அடுத்த படியைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

டிஃபால்ட் வரி இரண்டு இருக்கிறதா? மெட்ரிக் என்ற எண்ணைப் பாருங்கள். சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600. நெட் இல்லாத கேபிள் ஒன்று, பிரிண்டருக்கான சுவிட்சில் இருந்து வருவது என்று வையுங்கள், செருகியே இருந்தால் நல்ல வைஃபை இருந்தும் எல்லாம் அந்தக் கேபிள் பக்கமே போய் முட்டும். கேபிளை உருவிப் பாருங்கள்.

மென்பொருள் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. டாக்கர் போட்டிருந்தால் அது வழக்கமாக 172.17 என்று தொடங்கும் முகவரிகளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். உங்கள் கல்லூரியின் உள் நெட்வொர்க்கும் அதே எண்ணில் இருந்தால், வீட்டில் எல்லாம் ஓடும், கல்லூரியில் மட்டும் சில பக்கங்கள் திறக்காது. டாக்கரின் முகவரி வரம்பை வேறாக மாற்றுவதே தீர்வு.

7. எண் கிடைக்கிறது, பெயர் கிடைக்கவில்லையா?

"பிங் 8.8.8.8" அடியுங்கள். பதில் வந்தால் வெளியுலகம் தெரிகிறது. பிறகு "பிங் விக்கிப்பீடியா டாட் ஆர்க்". எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் மட்டும்தான் கோளாறு.

உபுண்டு, மின்ட், ஃபெடோராவில் "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" (ரிசால்வ் என்பதன் கடைசி ஈ எழுத்தும் சேரும்) அடித்தால் எந்தக் கார்டு எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்று தெரியும். போன இடத்தின் உள் டிஎன்எஸ் எண் இங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் படி 5-இல் சொன்ன மாதிரி ஆட்டோமேட்டிக்குக்குக் கொண்டுவாருங்கள்.

ஈடிசி அடைவுக்குள் இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பை நேராகத் திருத்தச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். அதில் 127.0.0.53 என்று இருப்பது கோளாறல்ல, உபுண்டுவில் அப்படித்தான் இருக்கும். அந்தக் கோப்பைச் சிஸ்டமே திரும்பத் திரும்ப எழுதும். நீங்கள் எழுதியது அழியும், இல்லையென்றால் பூட்டி வைத்து அடுத்த ஊரில் மாட்டிக்கொள்வீர்கள்.

8. லாகின் பக்கம் கேட்கும் இடங்கள்

ரயில் நிலைய ரயில்வயர் வைஃபை, கன்னியாகுமரி லாட்ஜுகள், சில கல்லூரி விடுதிகள். இங்கே சேர்ந்தவுடன் நெட் வராது. போன் எண்ணோ அறை எண்ணோ கேட்கும் பக்கம் வர வேண்டும். லினக்ஸில் அது தானாக எழாமல் போவது உண்டு.

"என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக்" அடியுங்கள். போர்ட்டல் என்று பதில் வந்தால் லாகின் காத்திருக்கிறது. பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று திறங்கள். பூட்டு இல்லாத, அதாவது மறையாக்கம் செய்யாத பக்கம் அது. பூட்டு உள்ள பக்கத்தை இடையில் திருப்பிவிட முடியாது, அதனால்தான் கூகுளைத் திறந்தால் லாகின் வராமல் எச்சரிக்கை மட்டும் வருகிறது. அதுவும் எழவில்லையென்றால் படி 6-இல் பார்த்த வாசல் எண்ணையே பிரவுசரில் போடுங்கள்.

நெட்டை மறைத்து வேறு கணினி வழியாக அனுப்பும் விபிஎன் ஓடினாலும், டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றி வைத்திருந்தாலும் லாகின் பக்கம் வராது. இரண்டையும் நிறுத்தி, லாகின் ஆன பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

9. பிங் போகிறது, பிரவுசர் போகவில்லையா?

மூன்றைப் பாருங்கள். முதலாவது ப்ராக்ஸி. கல்லூரிக்காகப் போட்ட ப்ராக்ஸி வீட்டிலும் நிற்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் ப்ராக்ஸியை அணையுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குள் தனியாக ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். பிரவுசர் சரியாகி, சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும் நின்றால் ஈடிசி அடைவின் என்விரான்மென்ட் கோப்பிலும், மென்பொருளை இறக்கிப் போடும் ஆப்ட்டின் செட்டிங்கிலும் பழைய ப்ராக்ஸி வரி இருக்கும். இந்த நான்கு இடங்களில் ஒன்றை அணைத்தால் மற்றவையும் அணைந்துவிடும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது விபிஎன். சில விபிஎன் செயலிகள் தாங்கள் அணைந்தாலும் நெட்டைத் திறக்காமல் பூட்டி வைக்கும். செயலிக்குள் கில் ஸ்விட்ச் என்று இருப்பதை நிறுத்துங்கள்.

மூன்றாவது கடிகாரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்பில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது, எல்லாப் பக்கமும் எச்சரிக்கை தரும். தேதியைக் கையால் சரிசெய்யுங்கள்.

10. வரும், விட்டுவிட்டு வரும்

அருகில் உட்கார்ந்தும் வைஃபை இழுத்து இழுத்து வந்தால் பவர் சேவிங்கைச் சந்தேகப்படுங்கள். "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை", அடுத்து வைஃபையின் பெயர், அடுத்து "வைஃபை டாட் பவர்சேவ் 2". மின்சேமிப்பு நின்றுவிடும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இணைப்பை அணைத்துப் போட்ட பிறகே பலன் தெரியும்.

சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் எம்டியுவைச் சந்தேகப்படுங்கள். ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு அது. பிபிபிஓஇ வகை ஃபைபர் லைன் ஒவ்வொரு பொட்டலத்திலும் 1500-இல் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், விபிஎன் இன்னும் எடுக்கும். அந்த இணைப்பின் செட்டிங்கில் எம்டியுவை 1400 என்று வைத்துப் பாருங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோடு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள், ஹாட்ஸ்பாட் இணைப்பில் மீட்டர்டு என்ற வசதியைப் போடுங்கள். பின்னணியில் அப்டேட் இறங்கி நாள் டேட்டாவைத் தின்பது நிற்கும். வேகம் இல்லை என்று நினைத்த பல இடங்களில் இதுதான் காரணம்.

11. அப்படியும் வரவில்லை என்றால்

"சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்" அடியுங்கள். இதில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து. உறக்கத்திலிருந்து எழுப்பிய பிறகு வரும் கோளாறுக்கு இது பெரும்பாலும் போதும். இதை முதல் படியாகச் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். தற்செயலாகச் சரியாகிவிட்டால் காரணம் தெரியாமலே போய், நாளை வேறு ஊரில் மறுபடியும் வரும்.

யாரிடமாவது உதவி கேட்கிறீர்களா? "நெட் வரல" என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை, கடைசியாக எதை மாற்றினீர்கள், எந்தப் படி வரை தேறியது என்று எழுதுங்கள். என்எம்சிஎல்ஐ டிவைஸ், ஐபி அட்ரஸ், ஐபி ரூட், ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் நான்கின் வெளியீட்டையும் போட்டோவாக இல்லாமல் எழுத்தாக நகலெடுத்துப் போனுக்கு மாற்றி அனுப்புங்கள். யூஎஸ்பி கேபிள் அதற்கும் உதவும். அனுப்பும் முன் மேக் முகவரியை மட்டும் அழித்துவிடுங்கள்.